எங்கள் வீட்டு மெத்தைக்கு ஊரே ஜெபித்தது

என் மகள் நான்காம் வகுப்பு படித்த வருடம் தூத்துக்குடியில் எனக்குக் கிடைத்த மருத்துவ ஆலோசனைகளைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு கல்லூரியே தொடங்கியிருக்கலாம். ஆலோசனை சொன்னவர்களில் ஒருவர்கூட மருத்துவம் படித்தவர் இல்லை. அதை ஒரு குறையாக அவர்களும் நினைக்கவில்லை, கொஞ்ச காலம் நானும் நினைக்கவில்லை.

விஷயம் இதுதான். ஒன்பது வயதில், வாரத்தில் நான்கு நாளாவது அவள் படுக்கையை நனைத்துவிடுவாள். பகலில் ஒரு தொந்தரவும் கிடையாது. கணக்கில் கெட்டிக்காரி, வாயில் அதைவிடக் கெட்டிக்காரி. ஆனால் தூங்கினால் தூக்கம்தான். பக்கத்துத் தெருக் கோயில் கொடை விழாவுக்கு வேட்டு போட்டபோது எங்கள் ஜன்னல் கண்ணாடியே அதிர்ந்தது. அவள் புரண்டுகூடப் படுக்கவில்லை.

நாங்கள் குடியிருந்தது மாடியில். கீழே வீட்டுக்கார அண்ணாச்சி, பலசரக்குக் கடை வைத்திருப்பவர். மேலே நாங்கள் மூன்று பேர். என் கணவர் பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆசிரியர். நான் துறைமுகச் சாலையில் ஒரு ஏற்றுமதி முகவர் அலுவலகத்தில் கப்பல் ஏறும் சரக்குகளுக்கு ஆவணம் தயாரிப்பவள். பூட்டி முத்திரை வைத்த கண்டெய்னரைக் கண்ணால் பார்க்காமலே உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்து வாங்குகிற வேலை. இதனால் எனக்கு எல்லாம் தெரியும் என்ற எண்ணம் உண்டு.

நனைந்த நாட்களில் காலையில் நானும் அவரும் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து மெத்தையை மொட்டை மாடிக்குக் கொண்டுபோவோம். தூத்துக்குடிக் காற்றில் ஈரமும் உப்பும் எப்போதும் இருக்கும். மே மாதத்திலேயே மெத்தை முழுதாகக் காயாது. ஐப்பசி கார்த்திகையில் கேட்கவே வேண்டாம். எங்கள் மாடியின் கைப்பிடிச் சுவரில் மெத்தை தொங்குகிறதா இல்லையா என்று பார்த்தே எதிர் வீட்டுக்காரர்கள் எங்கள் முந்தைய இரவைத் தெரிந்துகொள்வார்கள். யாரும் நேரடியாகக் கேட்க மாட்டார்கள். அவ்வளவு நாகரிகமானவர்கள். “இன்னைக்கும் மெத்தைய வெயில்ல போட்டாச்சு போல” என்று மட்டும் சொல்வார்கள்.

அண்ணாச்சி நல்ல மனிதர். கடையிலிருந்து எள்ளும் கருப்பட்டியும் கொடுத்தனுப்பினார், இடித்து உருண்டை பிடித்து ராத்திரிக்கு ஒன்று கொடுக்கச் சொன்னார். கொடுத்தோம். அவள் கேட்டு வாங்கித் தின்றாள், மெத்தை வழக்கம்போல் மாடிக்குப் போனது. என் அலுவலகத்தில் ஒரு அக்கா, பிள்ளையை இரவு இரண்டு மணிக்கு எழுப்பிக் கழிப்பறைக்குக் கூட்டிப்போகச் சொன்னார். கூட்டிப்போனோம். நின்றுகொண்டே தூங்கினாள். நாங்கள் இருவரும் மறுநாள் வேலையில் உட்கார்ந்துகொண்டே தூங்கினோம்.

மிகக் கண்டிப்பான ஆலோசனை என் நாத்தனாருடையது. என் கணவரின் அக்கா, சாத்தான்குளத்தில் இருப்பவர், பள்ளித் தலைமையாசிரியை. ஞாயிறு தவறாமல் போனில் விசாரணை நடக்கும். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் பிள்ளைக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் கொடுக்கக்கூடாது என்பது அவருடைய உத்தரவு. அரசாணை போல அதைச் சுவரில் ஒட்டாததுதான் குறை. நானும் கடைப்பிடித்தேன். பிள்ளை ஐந்து மணிக்குப் பள்ளியிலிருந்து வந்து, நான் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் குழாயில் வாய் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தது எனக்கு ரொம்ப நாள் தெரியாது.

இதில் என் சொந்தப் பங்கையும் சொல்லிவிட வேண்டும். நான் அடித்ததில்லை. அதில் எனக்குப் பெருமை உண்டு. அடிப்பதற்குப் பதில் கிண்டல் செய்தேன். ஒருநாள் காலை விரிப்பை உருவிக்கொண்டே, “ஊருக்கு ஒரு ஹார்பர் பத்தாதுன்னு வீட்டுக்குள்ள ஒண்ணு கட்டிட்டா. கப்பல் வரதுதான் பாக்கி” என்று சொன்னேன். என் கணவரும் லேசாகச் சிரித்தார். எனக்கே அது பிடித்துப்போய் அலுவலகத்திலும் சொன்னேன், அங்கும் நல்ல வரவேற்பு. மகள் மட்டும் சிரிக்கவில்லை. நகைச்சுவை உணர்வு கம்மியான பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம்தான் ஜெபக்கூட்டம் வந்தது.

எங்கள் சபைப் பெண்கள் வெள்ளிக்கிழமைதோறும் ஒருவர் வீட்டில் கூடி ஜெபிப்போம். பாட்டும் வசனமும் முடிந்தபின் ஒவ்வொருவரும் தங்கள் விண்ணப்பத்தைச் சொல்லலாம். அன்றைக்கு எனக்கு மனது சரியில்லை. அந்த வாரம் ஆறு நாள் மெத்தை மாடி ஏறியிருந்தது. யாரிடமாவது சொன்னால் தேவலை போல இருந்தது. ஆனாலும் புத்திசாலித்தனமாகத்தான் சொன்னேன்: “எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பத்துல ஒரு பிள்ளைக்குப் படுக்கையில போற பிரச்சனை இருக்கு, ஜெபிச்சுக்கோங்க.”

கூட்டத்தை நடத்துகிற அம்மா அனுபவசாலி. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் என்றால் எந்தக் குடும்பம் என்று அவருக்குத் தெரியும். கண்ணை மூடி, குரலை உயர்த்தி, இந்தச் சகோதரியின் மகளை, நான்காம் வகுப்புப் படிக்கிற அந்தச் சின்ன மகளை என்று கர்த்தருக்கு மிகத் தெளிவாக அடையாளம் காட்டினார். கர்த்தருக்கு ஒருவேளை ஆள் மாறிவிடுமோ என்று பயந்தாரோ என்னவோ. அன்று மாலையே சபையின் வாட்ஸ்அப் குழுவிலும் செய்தி வந்தது. பெயர் போடவில்லை. துறைமுக அலுவலகத்தில் வேலை பார்க்கும் சகோதரியின் மகள், வகுப்பு, உபாதை, எல்லாம் இருந்தது. கீழே வரிசையாகக் கைகூப்பிய படங்கள். சபைக் கட்டட நிதிக்குக்கூட அத்தனை கைகள் ஒன்றுசேர்ந்து நான் பார்த்ததில்லை.

ஞாயிறு பள்ளியில் கூடப் படிக்கிற ஒருத்தி என் மகளிடம், எங்க அம்மா உனக்காக ஜெபம் பண்ணினாங்க, இப்போ நின்னுட்டா என்று கேட்டிருக்கிறாள். அந்தப் பிள்ளை கேலியாகக்கூடக் கேட்கவில்லை, அக்கறையாகத்தான் கேட்டிருக்கிறாள். சுற்றி நின்ற மற்ற பிள்ளைகளுக்கும் அக்கறை வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தவள் அழவில்லை. சாப்பிட்டாள். தட்டைக் கழுவி வைத்தாள். பிறகு என்னிடம் வந்து நின்றாள்.

“என் பேரு சொல்லலையாம்மா நீ.”

“இல்ல, சொல்லல.”

“அப்ப எப்படி எல்லாத்துக்கும் தெரியுது?”

நான் பதில் சொல்வதற்குள் போய்விட்டாள். அடுத்த ஞாயிறு ஞாயிறு பள்ளிக்குப் போக மறுத்தாள். அதற்கடுத்த ஞாயிறும். கூட்டம் நடத்துகிற அம்மா, பிள்ளை ஏன் வரவில்லை என்று என்னிடம் விசாரித்துவிட்டு, அதற்கும் ஜெபிப்பதாகச் சொன்னார். வேண்டாம் என்று கும்பிட்டுவிட்டு வந்தேன்.

அந்த மாதக் கடைசியில் நாத்தனார் மகளுக்கு நிச்சயதார்த்தம். முதல் நாளே சாத்தான்குளம் போய்த் தங்க வேண்டும். மகள் வரமாட்டேன் என்றாள். அன்று ராத்திரி தூங்கவே மாட்டேன் என்று அவளாக ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு கடைசியில் வந்தாள். பகலில் தண்ணீரையும் தொடவில்லை. ஒப்பந்தம் பதினோரு மணி வரை தாக்குப் பிடித்தது.

காலையில் பார்த்தால், மாப்பிள்ளை வீட்டார் வந்தால் உட்கார என்று வாங்கி வைத்திருந்த புது மெத்தை விரிப்பு நனைந்து கிடந்தது. அதன் மேல் யார் இவளைப் படுக்க வைத்தார்கள் என்று இன்றுவரை யாரும் பொறுப்பேற்கவில்லை. கொல்லைப்புறக் குழாயடியில் நான் அதை அலசிக்கொண்டிருந்தேன். மகள் பக்கத்தில் பக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சித்தப்பா, பெரியம்மா, அவர்கள் பிள்ளைகள் என்று பல் தேய்க்கப் பத்துப் பேர் கூடியிருந்த நேரம். நாத்தனார் வந்தார்.

“நாலு மணிக்கு மேல தண்ணி குடுக்காதன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேம்லா” என்று எனக்கு முதல் மணி. பிறகு அவளிடம் திரும்பி, “ஏளா, ஒம்பது வயசாச்சு. வெக்கமா இல்லையா உனக்கு?”

மகள் பக்கெட்டைக் கீழே வைக்கவும் இல்லை, தலையை நிமிர்த்தவும் இல்லை. என்ன சொல்வது என்று நான் தேடிக்கொண்டிருந்தேன். கிண்டல் செய்ய வேண்டிய இடங்களில் எனக்கு வார்த்தைக்குத் தட்டுப்பாடு வந்ததே இல்லை. அன்றைக்கு ஒன்றும் வரவில்லை.

என் கணவர் குழாயடியில் வாய் கொப்பளித்துத் துப்பினார். தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். வகுப்பில் பாடம் சொல்லுகிற அதே குரலில் சொன்னார்:

“அக்கா, அவள விடு. நான் எட்டாங்கிளாஸ் வரைக்கும் போனேன். நீதான அலசிப் போடுவ.”

பல் தேய்த்துக்கொண்டிருந்த பத்துப் பேரும் நிறுத்திவிட்டார்கள். நாத்தனார் அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார். மகள் தலையை நிமிர்த்தி அப்பாவைப் பார்த்தாள். அந்த வீட்டில் அவளுக்கு இருந்த ஒரே சொந்தக்காரர் அவர்தான் என்பதுபோலப் பார்த்தாள்.

எனக்கு வந்தது கோபம். பன்னிரண்டு வருடம் குடும்பம் நடத்திய மனிதர். ஏறக்குறைய ஆயிரம் முறை என்னோடு சேர்ந்து மெத்தை தூக்கியவர். தனிமங்களின் அட்டவணையை முன்னும் பின்னும் ஒப்பிப்பவருக்கு இந்த ஒரு தகவல் மட்டும் ஞாபகத்துக்கு வரவில்லையாம். பிறகு பேருந்தில் கேட்டபோது, நீ கப்பல் ஜோக் சொன்ன அன்றைக்குச் சொல்லத்தான் நினைத்தேன், சிரிப்பு வந்துவிட்டது, அதற்குமேல் சொல்ல முடியவில்லை என்றார். ஜோக் நன்றாக இருந்ததற்கு நான் அப்படி ஒருபோதும் வருத்தப்பட்டதில்லை.

ஆனால் அதற்கு முன் அடுக்களையில் ஒன்று நடந்தது. பாத்திரம் எடுக்க நான் உள்ளே போனபோது நாத்தனார் அடுப்பைப் பார்த்தபடி நின்றார். பால் கிடையாது, வெறும் அடுப்புதான். அவராகவே பேசினார்.

“எங்கப்பா பன மட்டையால அடிப்பாவ அவன. அதான் அவுக எந்திரிக்கதுக்கு முன்ன நான் எந்திரிச்சு, கெணத்தடில அலசி, காயாட்டாலும் மடிச்சு உள்ள வெச்சிருவேன். ஈரத்துலதான் மறுநாளும் படுப்பான்.”

அப்போது அவருக்கே பதினைந்து வயதுதான் இருந்திருக்கும்.

“அப்புறம் எப்படி நின்னுச்சு மைனி?”

“அதுவா நின்னுட்டு.”

“பெறவு ஏன் இவள ஏசுதிய?”

அடுப்பைத் துணியால் துடைத்தார். “எனக்கு வேற என்னளா தெரியும்? ஏசாம விட்டா நிக்காதுன்னு அப்பா சொல்லுவாவ.”

அடித்தும் நிற்கவில்லையே என்றேன். நிற்கவில்லைதான் என்றார். அன்று மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது என் மகளைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை. தலைமையாசிரியைகளிடம் அதை எதிர்பார்க்கவும் கூடாது. இலையில் அவளுக்கு இரண்டு தரம் பாயசம் விழுந்தது.

ஊர் திரும்பிய அடுத்த நாள் மகளிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். எனக்கு இது பழக்கமில்லாத வேலை, அதனால் நிறையப் பேசினேன். ஜெபக்கூட்டத்தில் சொன்னது தப்பு, உன்னிடம் கேட்காமல் சொன்னது தப்பு, கிண்டல் செய்ததும் தப்பு என்று நீளமாக. அவள் வீட்டுப்பாட நோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “சரி” என்றாள். பக்கத்தைத் திருப்பிவிட்டு, “டாக்டர்கிட்ட போலாம்லா?” என்று கேட்டாள்.

ஊரில் இருக்கிற எல்லோரிடமும் கேட்டாகிவிட்டது, டாக்டரைத் தவிர. இத்தனை பேர் இருந்தும் அது ஒரு ஒன்பது வயதுப் பிள்ளைக்குத்தான் தோன்றியது.

குழந்தை மருத்துவர் ஒரு நடுத்தர வயதுப் பெண். நான் எங்கள் கதையைத் தேதிவாரியாகச் சொல்லத் தயாராகப் போயிருந்தேன். அவர் என்னைக் கை காட்டி நிறுத்திவிட்டு மகளிடமே கேட்டார். என்ன சாப்பிடுவாய், வெளிக்குத் தினமும் போவாயா, எத்தனை மணிக்குத் தண்ணீர் குடிப்பாய். வெளிக்கு மூன்று நாளைக்கு ஒருமுறை என்று அவள் சொன்னதே எனக்குச் செய்தி. கொண்டுபோகிற தண்ணீர் பாட்டிலை அப்படியே திருப்பிக் கொண்டுவருவதையும் சொன்னாள். ஏன் என்று கேட்டார்.

“குடிச்சா ஒண்ணுக்கு வரும்.”

“வந்தா பள்ளிக்கூடத்துல போக வேண்டியதுதான?”

“அங்க கதவுக்குத் தாப்பா கெடையாது. ஒருத்தி வெளிய புடிச்சுக்கிட்டு நிக்கணும். விளையாட்டுக்குத் திறந்து விட்டுருவாளுவ. நான் ரெண்டாங்கிளாஸ்லேர்ந்து போறதில்ல.”

இரண்டு வருடம். காலை எட்டு மணியிலிருந்து மாலை ஐந்து மணி வரை ஒரு பிள்ளை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. தாகத்தோடு வீட்டுக்கு வந்து ஒரே மூச்சில் குடித்துத் தீர்க்கிறது. நாங்கள் எள்ளுருண்டை பிடித்துக்கொண்டிருக்கிறோம். பூட்டிய கண்டெய்னருக்குள் இருப்பதைச் சொல்லுகிறவள் என்ற எண்ணம் அந்த நாற்காலியில் வைத்து எனக்குப் போனது.

மருத்துவர் சிறுநீரைச் சோதனைக்கு அனுப்பினார், அதில் ஒன்றும் இல்லை. மலச்சிக்கலுக்கு மருந்து எழுதினார். தண்ணீரைக் குறைக்க வேண்டாம், காலையிலும் மதியமும் நிறையக் குடிக்க வேண்டும், ராத்திரிதான் கொஞ்சமாக என்றார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை போய்விட வேண்டும், படுக்கும் முன்பும் போக வேண்டும். இது அவள் வேண்டுமென்று செய்வது இல்லை, ஆழ்ந்து தூங்குகிற பிள்ளைகளுக்கு மூளை எழுப்பி விடுவதற்குள் போய்விடும், வளர வளரச் சரியாகும், குடும்பத்தில் யாருக்காவது இருந்திருந்தால் வர வாய்ப்பு அதிகம் என்றார். கூட வந்திருந்த என் கணவர் வகுப்பில் மாணவன் தூக்குவது போலக் கையைத் தூக்கினார்.

“திட்டவோ கேலி பண்ணவோ கூடாது” என்று முடித்தார் மருத்துவர்.

“அம்மா கேலி பண்ணுவா” என்றாள் மகள். கப்பல் ஜோக்கை ஒரு எழுத்து மாறாமல், என்னுடைய குரல் ஏற்ற இறக்கத்தோடு சொல்லிக்காட்டினாள். மருத்துவர் சிரிக்கவில்லை. அலுவலகத்தில் எல்லோரும் எப்படிச் சிரித்தார்கள் என்பது எனக்கு அப்போது விளங்கவே இல்லை.

தாழ்ப்பாள் விஷயமாகப் பள்ளிக்குப் போனேன். ஏற்கெனவே மேலிடத்துக்கு எழுதியாகிவிட்டது என்று சொன்னார்கள். எப்போது எழுதியது என்றேன். அதையும் எழுதித்தான் கேட்க வேண்டும் போல இருந்தது. ஒரு சனிக்கிழமை அனுமதி வாங்கிக்கொண்டு, என் கணவரே ஸ்க்ரூடிரைவரோடு போய் மூன்று கதவுகளுக்கும் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்தார். மேலே போன கடிதம் இன்னும் பயணத்தில் இருக்கலாம்.

வீட்டில் மெத்தைக்கு மேல் ரப்பர் விரிப்பு, அதற்கு மேல் துணி விரிப்பு. நனைந்தால் அவளே எடுத்துத் துவைக்கும் இயந்திரத்தில் போட்டுவிட்டு மாற்றுத் துணி விரித்துக்கொள்வாள். மெத்தை மாடிக்குப் போவது நின்றது. எதிர் வீட்டாருக்குப் பொழுது எப்படிப் போனதோ தெரியவில்லை. காலையில் நனைந்த விரிப்பைப் பார்த்து எதுவும் சொல்லாமல் இருக்கவேண்டும் என்பது எனக்கு விதிக்கப்பட்ட மருந்து. அவள் மூத்திரத்தை அடக்கியதைவிட நான் வாயை அடக்கியது சிரமமாக இருந்தது. சில நாள் குளியலறையில் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுத் தனியாக முணுமுணுத்திருக்கிறேன்.

ஒரு வாரத்தில் மாயம் எதுவும் நடக்கவில்லை. நான்கு நாள் மூன்றானது. பரீட்சை வாரத்தில் மறுபடி ஐந்தானது. கோடை விடுமுறையில் இரண்டு. ஐந்தாம் வகுப்பு முடியும்போது மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ. பிறகு எப்போது நின்றது என்று எங்கள் மூவருக்கும் தெரியாது.

ஆனால் யாரால் நின்றது என்று பலருக்குத் தெரிந்திருந்தது. எள் கைவிடாது என்றார் அண்ணாச்சி. கூட்டம் நடத்துகிற அம்மா ஒரு வெள்ளிக்கிழமை, ஜெபம் கேட்கப்பட்டதற்குச் சாட்சியாகவே அறிவித்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். நான் அந்தக் கூட்டத்தை விட்டு வந்து வெகுநாள் ஆகியிருந்தது. நாத்தனார் மட்டும் தன் நாலு மணி உத்தரவைப் பற்றிப் பேசவில்லை. “அதுவா நின்னுட்டா?” என்று போனில் கேட்டார். ஆமாம் என்றேன்.

ஆறாம் வகுப்பில் பள்ளியிலிருந்து மூன்று நாள் முகாமுக்குத் திருச்செந்தூர் பக்கம் கூட்டிப்போனார்கள். அவள் போனாள், வந்தாள். எனக்குத்தான் மூன்று நாளும் ஆவணங்களில் எழுத்துப் பிழை. பல நாள் கழித்து ஏதோ பேச்சில், முகாமில் ஒருத்தி படுக்கையில் போய்விட்டாள் என்றும், மற்றவர்கள் எழும்புவதற்குள் இவள் தன் தண்ணீர் பாட்டிலை அதன் மேல் கவிழ்த்துவிட்டு, தான் கொட்டிவிட்டதாக டீச்சரிடம் திட்டு வாங்கிக்கொண்டதாகவும் சொன்னாள். யார் அந்தப் பிள்ளை என்று கேட்டேன், பழக்க தோஷம்.

“எதுக்கு, ஜெபம் பண்ணவா?” என்றாள்.

இப்போது ஏழாம் வகுப்பு. போன மாதம் வைரஸ் காய்ச்சலில் இரண்டு நாள் அனலாகக் கிடந்தாள். ஒரு காலை எழுந்து பார்த்தபோது துணி துவைக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, அவள் கட்டிலில் புது விரிப்பு. நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், காய்ச்சல் விட்டிருந்தது. இட்லி வேண்டாம், பூரி வேண்டும் என்றாள். உருளைக்கிழங்கை வேகப்போட்டுவிட்டு அலுவலகத்துக்கு அரை மணி தாமதமாக வருவேன் என்று போன் செய்தேன்.